எடுக்கக் கூடாத மணி

எங்கள் தோட்டத்துக்காரர்கள் தொலைபேசியில் பேச மாட்டார்கள். மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவார்கள். இதைச் சொன்னால் ஈப்போவில் என்னோடு வேலை பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பேசினால் காசு போய்விடும், பேசாமல் வைத்தால் காசு திரும்பி வந்துவிடும் என்று கண்டுகொண்டவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன்.

கோலா கங்சாரைத் தாண்டி உள்ளே போகும் மண்சாலையில் எங்கள் தோட்டம் இருந்தது. எழுபதுகளில் ரப்பர் பால்மரங்களைப் பாதிக்குமேல் வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டார்கள். வேலை குறைந்தது. வயதுப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் ஃபேக்டரி வேலை, கடை வேலை என்று கிளம்பிப் போனோம். நாங்கள் போன பிறகுதான் தோட்டத்தில் தொலைபேசிக்கே வேலை வந்தது. ஆரம்பத்தில் மளிகைக்கடையில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருந்தது. எண் சுழற்றும் வட்டத்தில் கடைக்காரர் பூட்டுப் போட்டு வைத்திருப்பார். பிறகு அதே கடையின் வாசலில் காசு போடும் பொதுத் தொலைபேசியை மாட்டினார்கள். காசைப் போட்டு எண்ணைச் சுழற்ற வேண்டும். அந்தப் பக்கம் எடுத்துவிட்டால் காசு உள்ளே விழுந்துவிடும். எடுப்பதற்கு முன் வைத்துவிட்டால் கீழே உள்ள குழியில் வந்து விழும். விழும் சத்தம் கடைக்குள் வரை கேட்கும்.

மிச்சத்தை நாங்களே வகுத்துக்கொண்டோம். லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. பக்கத்து வீட்டார் வெளியூர்ப் பிள்ளைக்கு ஒரு மணி அடித்து வைத்தால் மணியார்டர் வந்து சேர்ந்தது என்று பொருள். எங்கள் வீட்டுக்கு இரண்டு மணி. இரண்டு அடித்ததும் வைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி இரண்டு அடித்து வைத்தால், 'வா' என்று பொருள். ஏன், எதற்கு என்பதற்கெல்லாம் மணி கிடையாது. வந்து தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஒரு தடவை அடித்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனால், அப்பா வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். டுரியான் பழம் விழ ஆரம்பித்துவிட்டதாம்.

"இதுக்குத்தான் மணி அடிச்சீங்களா?" என்று கத்தினேன்.

"நான் அடிக்கல. ஒங்கம்மாதான் அடிச்சா," என்றார் அப்பா. அம்மா அவரை முறைத்துவிட்டு, "வந்துட்டல்ல, சாப்டுட்டுப் போ," என்றாள்.

மணி அடிப்பது எப்போதும் அம்மாவின் வேலை. அப்பாவுக்குப் பொதுத் தொலைபேசி என்றால் கூச்சம். அது பதில் பேசிவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறவர்போலத் தள்ளியே நிற்பார். அம்மாவுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. என் கடையின் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் சுழற்றுவாள். ஆனால் அவளும் ஒரு நாள்கூட அதில் பேசியதில்லை. பேச வேண்டிய தேவை வரவில்லை. நான் ஒரே பிள்ளை. மாதக் கடைசியில் வீட்டுக்குப் போய்விடுவேன். இடையில் ஏதாவது என்றால் மணி வரும். வராவிட்டால் எல்லாரும் சுகம்.

நான் வேலை பார்த்த கடை பம்புக்கும் எஞ்சினுக்கும் உதிரிச் சாமான் விற்கிற கடை. ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. இருந்தாலும் தோட்டங்களுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பம்பு தேவைப்பட்டது. கடை முதலாளி சீனர். எல்லாரையும்போல நானும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவேன். கடைக்கு ஒரே தொலைபேசி. அது தெருவைப் பார்த்த என் மேசையில் இருந்தது. மூன்றாவது மணிக்குத்தான் எடுப்பேன். இரண்டு மணி அடித்து நின்றால் தவுக்கே பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பார். மறுபடி இரண்டு அடித்து நின்றதும், "பெர்கி லா, பெர்கி," என்று கையை ஆட்டுவார். போய் வா என்பதற்கும் போய்த் தொலை என்பதற்கும் அவரிடம் அந்த ஒரு சொல்தான். எந்தப் பொருளில் சொன்னாலும் விடுப்பு விடுப்புதான். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

எண்பதுகளின் பின்பாதியில் ஃபேக்ஸ் வந்தது. அதுவரை ஒரு வால்வு வேண்டுமென்றால், அதன் அளவையெல்லாம் தொலைபேசியில் சிங்கப்பூருக்குக் கத்திச் சொல்ல வேண்டும். அவர்கள் வேறொன்றை அனுப்புவார்கள். ஃபேக்ஸ் வந்த பிறகு படத்தை வரைந்தே அனுப்பினோம். தவுக்கே முதல் வாரம் அந்த இயந்திரத்தின் முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காகிதம் சுருண்டு சுருண்டு வெளியே வருவதைச் சாமி ஊர்வலம் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

தொந்தரவு எனக்குத்தான் வந்தது. லைன் ஒன்று, சாமான் இரண்டு. இரண்டாவது லைனுக்கு மனுப் போட்டிருந்தோம். அது வரும்வரைக்கும் எந்த மணியையும் நான்தான் எடுக்க வேண்டும். மனிதர் பேசினால் பேச வேண்டும். காதுக்குள் 'கீ' என்று ஒரு கூச்சல் கேட்டால், அது இன்னொரு ஃபேக்ஸ் என்று புரிந்துகொண்டு ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை அந்தக் கூச்சல். வீட்டுக்குப் போனாலும் காது 'கீ' என்றே இருக்கும். ஒரு நாள் தவுக்கேயிடம் சண்டை போட்டேன். வேலைக்காரி முதலாளியிடம் போடுகிற சண்டை எவ்வளவு இருக்குமோ அவ்வளவு.

ஃபேக்ஸை விற்ற கடையின் டெக்னீஷன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். ஈப்போத் தமிழர்தான். சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. சுவரிலிருந்து வரும் ஒயர் பெட்டிக்குள் போகும். பெட்டியிலிருந்து ஓர் ஒயர் தொலைபேசிக்கு, ஓர் ஒயர் ஃபேக்ஸுக்கு. முகப்பில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு.

"இனி நீங்க ஓட வேண்டாங்கா," என்றார் டெக்னீஷன். "கால் வந்தா இதுவே எடுத்துக் கேக்கும். ஃபேக்ஸ்னா அந்தப் பக்கம் தள்ளிவிடும், மனுசன்னா ஒங்க பக்கம் தள்ளிவிடும். பெட்டி பாத்துக்கும்லா."

பெட்டி பார்த்துக்கொண்டது. அதை எனக்கு மிகவும் பிடித்துப்போனது, அதையும் சொல்லிவிட வேண்டும். சிவப்பு விளக்கு எரியும், அணையும், காகிதம் வரும். சில சமயம் எரிந்து அணையும், ஒன்றும் வராது. நான் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டேன். தொலைபேசி ஒலித்தால் அது எனக்கு, இல்லாவிட்டால் இல்லை. மேசை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த மாதக் கடைசியில் சரக்கு எண்ணிச் சரிபார்க்கும் வேலை இருந்ததால் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். மணியும் வரவில்லை. இந்தத் தடவை டுரியான்கூட இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

பிறகு ஒரு நாள் காலையில் தொலைபேசி ஒலித்தது. எடுத்தால் எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ஆபீஸிலிருந்து பேசுகிறார்.

"அப்பா தவறிட்டாரும்மா. ஒடனே பொறப்பட்டு வா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவ்ளோ நாள்ல ஒருதரம் வந்திருக்கலாமே," என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. தவுக்கே என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் லாரியிலேயே அனுப்பி வைத்தார்.

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் படுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள், பிறகு வீட்டில். இதெல்லாம் அக்கம்பக்கத்தார் சொல்லித் தெரிந்துகொண்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் போய்க் கட்டிக்கொண்டபோது அவள் கைகள் மடியிலேயே இருந்தன. லயத்துப் பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பட்டணத்தில் வேலை பார்க்கிற ஒற்றை மகள், அப்பன் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது எட்டிப் பார்க்காதவள் என்று அந்தப் பார்வையில் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது அம்மா வாயைத் திறந்தாள்.

"எத்தன தடவதான் அடிக்கிறது?"

"என்னத்த?"

"மணிய. என்னத்தயாம். நாளு மாத்தி நாளு அடிச்சேன்."

"மணி வரலம்மா. சத்தியமா வரல."

"வரலயா? என் காதுல கேட்டுச்சு. ரெண்டு அடிச்சதும் வச்சேன், மறுபடி ரெண்டு அடிச்சேன். காசக்கூட முழுங்கிருச்சு அந்த சனியன். கடக்காரரு வந்து குத்திப் பாத்தாரு, 'ரோசாக் ஆயிருச்சுலா கா, கெட்டுப்போச்சு' ன்னாரு. காசு போனாப் போகுதுன்னு மறுபடியும் அடிச்சேன்."

"தப்பான நம்பர் சுத்திருப்பம்மா."

இதை நான் சொல்லியிருக்க வேண்டாம். இத்தனை வருடம் பிசகாமல் சுழற்றியவளிடம் போய்ச் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு தடவை வீட்டுக்குப் போனபோதும் கேட்டுப் பார்த்தேன். அப்பா கடைசியாக என்ன சாப்பிட்டார், பேச முடிந்ததா, என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா. "கேட்டு என்ன செய்யப் போற," என்பதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நினைவுபடுத்தினாள். அந்தக் கடைசி நாட்களில் அப்பாவோடு இருந்தது அவள் ஒருத்திதான். அதை எனக்குத் தரக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தாள். ஊர் என்னை என்ன நினைத்தாலும் எனக்குக் கவலை இல்லை. இது மட்டும் தாங்க முடியவில்லை. அவள் நம்பாதவரை அது எனக்குக் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. நம்ப வைக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவள் மணியைக் கேட்டிருக்கிறாள், நான் கேட்கவில்லை. இருவரில் ஒருவர் பொய் சொல்கிறோம். அது நான் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளும் பொய் சொல்கிறவள் அல்ல. அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

ஒரு நாள் பேங்க்கிலிருந்து கடைக்குத் தொலைபேசி செய்தேன். ஏதோ ஒரு காசோலையைப் பற்றித் தவுக்கேயிடம் கேட்க வேண்டியிருந்தது. மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் எடுத்தார். கடைக்குத் திரும்பியதும், எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கேயும் போகவில்லை, உன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன், மணி அடித்தது, உடனே எடுத்தேன் என்றார்.

நான் பெட்டியைப் பார்த்தேன்.

அடுத்த முறை காகிதச் சுருள் மாட்ட டெக்னீஷன் வந்தபோது அவரைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"கால் வந்ததும் பெட்டி எடுத்துரும்கா. அப்பறம் ஃபேக்ஸா மனுசனான்னு கொஞ்ச நேரம் கேக்கும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் சும்மா இருந்தா, லைன் செத்துப்போச்சுன்னு வச்சுருவாங்கல்ல? அதனால பெட்டியே மணி சத்தம் போட்டுக்கிட்டு இருக்கும். அவங்களுக்கு மணி அடிக்கிற மாரியே கேக்கும். ஒங்க ஃபோன் அப்பறந்தான் அடிக்கும்."

"அதுக்கு முன்னாடி அவங்க வச்சுட்டா?"

"வச்சுட்டா பெட்டியும் விட்டுரும். ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு மணியில யாருக்கா வைக்கப் போறாங்க?"

 ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர், அவருக்கு எப்படித் தெரியும்? காசை ஏன் முழுங்கியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. பெட்டி எடுத்துவிட்டது. எடுத்தால் காசு உள்ளே விழும். அம்மா அங்கே நின்று எண்ணியது பெட்டி போட்ட மணியை. அந்த நேரத்தில் என் மேசையில் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்திருக்கும். நான் அதைப் பார்த்திருக்கவும் கூடும்.

அந்த வாரமே வீட்டுக்குப் போய் விளக்கிச் சொன்னேன். மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டாள்.

"மணி சத்தத்த ஒரு பெட்டி போட்டுச்சா?"

"ஆமாம்மா."

"மனுசன் போயிட்டாரு. இப்பப் போயி பெட்டி மேல பழியப் போடுறியா?"

அவளைக் குறை சொல்ல முடியாது. அடிக்காத மணியை அடிப்பதுபோலக் காட்டுகிற பெட்டி என்று யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால், நானும் ஏசித்தான் அனுப்பியிருப்பேன்.

சில மாதம் கழித்து அம்மாவுக்குக் கண் பார்க்க ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருந்தது. ஒரு கண்ணில் புரை விழுகிறது, இன்னும் முற்றவில்லை, பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். பஸ் ஏற்றிவிடும் முன் அவளைக் கடைப்பக்கம் கூட்டிவந்தேன். எதிர்ச்சாரியில் ஒரு காப்பிக்கடை. அதன் முன்தூணில் காசு போடும் தொலைபேசி ஒன்று இருந்தது. அங்கே நின்றால் தெருவுக்கு இந்தப் பக்கம் என் மேசையும் அதன் மேல் தொலைபேசியும் தெரியும். ஒரு கண்ணுக்கும் தெரியும்.

காசை அவள் கையில் கொடுத்தேன். "நான் போயி ஒக்காந்ததும் நீ அடி. என்னையே பாத்துக்கிட்டு இரு. வைக்காத."

"எனக்கு எதுக்கு இதெல்லாம்? பஸ்ஸு போயிரும்."

"ஒரே ஒரு தடவம்மா."

அவள் தூண் பக்கம் திரும்பினாள். நான் சாலையைக் கடந்து வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, கைகள் இரண்டையும் மேசைமேல் அவளுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். கவுண்டரில் ஒருவர் பெல்ட் கேட்டு நின்றார். தவுக்கே என்னைக் கூப்பிட்டார். நான் அசையவில்லை என்றதும் அவரே எழுந்து எடுத்துக் கொடுத்தார்.

எதிரே அம்மா ரிசீவரைக் காதில் வைத்தாள். சுழற்றினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

தொலைபேசி சும்மா கிடந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். அவள் முதலில் அலட்சியமாக நின்றாள். பிறகு கழுத்தை நீட்டி என் மேசையைப் பார்த்தாள். ஒரு லாரி எங்களுக்கு நடுவில் வந்து மெதுவாக நகர்ந்தது. வைத்துவிட்டிருப்பாள் என்று நினைத்தேன். லாரி போனதும் பார்த்தால், ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி காதில் வைத்தாள். என் கைகளைப் பார்த்தாள். சும்மா கிடந்த தொலைபேசியைப் பார்த்தாள்.

பிறகுதான் அது ஒலித்தது. எடுத்தேன்.

"அம்மா," என்றேன்.

தெருச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. அவள் தூணோடு சாய்ந்திருந்தாள். பேச மாட்டாள் என்றுதான் நினைத்தேன். பேசினாள், காப்பிக்கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உரக்க.

"பாப்பா."

"சொல்லும்மா."

"அப்பா ஒன்மேல கோவப்படல. வர முடிஞ்சா வந்திருக்கும் புள்ள, அத ஏசாதன்னாரு. கடைசி வரைக்கும் அதான் சொன்னாரு."

 பல மாதங்களாகக் கேட்டது கிடைத்துவிட்டது. எனக்குக் கண்ணை மறைத்தது, அவள் அங்கே நிற்பது சரியாகத் தெரியவில்லை. குரல் மட்டும் இப்போது தாழ்ந்து வந்தது.

"நான்தான் ஏசினேன். காலையில ஏசினேன், ராத்திரி ஏசினேன். மணி அடிச்சும் வரல பாத்தீங்களா, நீங்க பெத்த மக லச்சணத்தன்னு அவரு காதுபடவே ஏசினேன். அவரு செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்துக்குவாரு. இப்ப நான் யாருகிட்ட போயி சொல்றது பாப்பா?"